அடி விழாத ஜெபம்

ஹெர்மான்ஸ்டாட் நகருக்கு வெளியே, திரான்சில்வேனியா
1735 நவம்பர் 9

பிளாசியஸ்,

அண்ணா என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரைச் சொல்லியே தொடங்குகிறேன்.

என் புருஷன் ருப்ரெக்ட் இறந்துவிட்டார். டான்யூப் நதியில் படகிலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டது. எங்களை ஆட்டுக்கூட்டம் மாதிரி அடைத்து அனுப்பினார்கள். ஒருவர் இருமினால் எல்லாரும் இருமினோம். இங்கே வந்து சேர்ந்து கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்தார். கடைசியில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் மகளை, கொர்துலாவைத்தான் கூப்பிட்டார். அவள் வெளியே விளையாடுகிறாள் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தேன்.

அவள் எங்கே விளையாடுகிறாள் என்று உனக்குத்தானே தெரியும்.

அன்று கோட்டை முற்றத்தில் அதிகாரி உத்தரவைப் படித்தான். சக்கரவர்த்தியின் கத்தோலிக்க மதத்துக்குத் திரும்ப மறுத்த லுத்தரன்கள் வண்டி ஏறலாம், அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே நிற்கவேண்டும் என்றான். துப்பாக்கி பிடித்து நின்ற படைவீரர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் வந்தவன் நீ. ஊர்த்தலைவன். என் பாவாடையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். "விடு கண்ணு, அம்மா சாயங்காலம் வந்துடுவா" என்றாய்.

எத்தனை சாயங்காலம் அவள் வாசலில் நின்றாள்? அதை எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம். அவளை இங்கே அனுப்பிவை. மாட்டு வியாபாரிகள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரும் நல்ல மனிதர்தான்.

யுஸ்தினா

*

லிண்ட்பாக், கேரிந்தியா
1736 பிப்ரவரி 2, மெழுகுவத்தித் திருநாள்

அன்புத் தங்கை யுஸ்தினாவுக்கு, உன் அண்ணன் பிளாசியஸ் எழுதுவது.

ருப்ரெக்ட்டின் ஆத்துமாவுக்காகக் கோயிலில் ஒரு பூசை வைத்தேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் வைத்தேன். என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

குழந்தை நலம். என் பழைய மேலங்கியை வெட்டி உன் அண்ணி வால்புர்கா அவளுக்கு மேல்சட்டை தைத்திருக்கிறாள். கறுப்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக் கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுகிறாள். வாசலில் நின்றாளா என்று கேட்டாய். நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள். இது உனக்கு ஆறுதலா வேதனையா என்று எனக்குத் தெரியாது.

இனி நான் கேட்கிறேன். நீங்கள் வண்டி ஏறியதற்கு முந்திய வாரம் உன் அடுப்படியில் உட்கார்ந்து நான் என்ன சொன்னேன்? "அவங்க சொல்ற சத்தியத்தை வாயால சொல்லிட்டு வீட்டுக்கு வா. மனசுக்குள்ள எந்த அதிகாரி வந்து பாக்கப் போறான்?" என்று கெஞ்சினேன். நீ சுடுதண்ணீரை இறக்கிக்கொண்டே, "கடவுள் பாக்குறார்" என்றாய். சரி, பார்த்தார். பார்த்து என்ன செய்தார்? உன் புருஷனைக் காப்பாற்றினாரா?

விரல்களைப் பிரித்தேன் என்கிறாய். நான் பிரிக்காவிட்டால் படைவீரன் பிரித்திருப்பான். விரல் உடைந்திருக்கும். சொந்தக்காரர் முன்வராத பிள்ளைகளை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் வாசலில் காலையிலிருந்து நின்று, இந்தப் பிள்ளை என் வீட்டில் வளரட்டும் என்று கேட்டு வாங்கினேன். அந்த உத்தரவை நான் எழுதவில்லை. வியன்னாவில் எழுதினார்கள். மேலே இருக்கிறவர்கள் சொன்னால் கீழே இருக்கிறவன் செய்யவேண்டும். அதை விட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் என்ன மிஞ்சும்? கொள்ளுத்தாத்தா காலத்தில் எதிர்த்து எழுந்தவர்களின் தலைகளைப் பாலத்தடியில் கம்பத்தில் வைத்திருந்தார்கள் என்று அப்பா சொன்னதை நீயும்தான் கேட்டாய்.

நீ பிடித்த பிடிவாதத்தால் குளிர்காலம் முழுக்க என் வீட்டில் படைவீரர்கள் தங்கினார்கள். பூட்ஸ் காலோடு என் கட்டிலில் படுத்தார்கள். வால்புர்கா அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை உண்டா?

குழந்தையை அனுப்ப முடியாது. சட்டம் இடம் தராது. ஆற்றோரத்து உன் வயலை என் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். வெளியாள் கைக்குப் போகாமல் இருக்கவே ஒப்புக்கொண்டேன்.

உன் அண்ணன்,
பிளாசியஸ்

*

ஹெர்மான்ஸ்டாட்
1736 மே 20

பிளாசியஸ்,

என் புருஷன் கல் பொறுக்கிப் பண்படுத்திய வயல் அது. அதை நீ "ஒப்புக்கொண்டாய்." என் மகளை "வாங்கினாய்." படைவீரர்கள் "தங்கினார்கள்." உன் கடிதத்தில் நீ எதையுமே செய்யவில்லை, கவனித்தாயா? எல்லாம் உன்மேல் மழை மாதிரி விழுந்திருக்கிறது.

மனசுக்குள் யார் வந்து பார்ப்பார் என்று கேட்கிறாய். நான் பார்த்திருக்கிறேன். நம் வைக்கோல் கொட்டகையில் அப்பா வேதம் வாசிப்பார், நீ கதவுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பாய். பாட்டு என்று வந்தால் உன் குரல்தான் முதலில் எழும். அந்தப் பிளாசியஸைத்தான் நீ கத்தோலிக்கச் சாமியார் காலடியில் கொண்டுபோய்ப் போட்டாய். அவனும் என்னோடு படகில் வந்து செத்துப்போனான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி சமைத்துப் போட்டதைப் பற்றி நான் எழுதவில்லை, அது தப்புதான். அவரிடம் சொல்.

இங்கே நடந்ததையும் கேள். கேட்டு நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி சக்கரவர்த்திக்கு ஒரு மனு எழுதினேன். என்னைப் போல் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களிடம் கையெழுத்துக்குப் பதிலாக அடையாளக்கீறல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே உள்ள போதகர், நம்முடைய லுத்தரன் போதகர், யாரைப் பார்க்க நாம் ஆயுள் முழுக்க ஏங்கினோமோ அவர், பிரசங்க மேடையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"சில பெண்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதறாங்கன்னு கேள்விப்படறேன். மேல இருக்கிறவங்களுக்குக் கீழ்ப்படியறதுதான் கிறிஸ்தவக் கடமை. வாயை மூடிக்கிட்டுக் கிடைச்சதுக்கு நன்றி சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அப்படிக் கீழ்ப்படிஞ்சிருந்தா நான் இங்க எதுக்கு வர்றேன்? எங்க ஊர்லயே இருந்திருப்பேனே, என் பிள்ளையோட" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகரின் காது சிவந்தது. இப்போது என்னைக் கோயிலில் கதவருகே தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இராப்போசன அப்பமும் ரசமும் கிடையாது. நகரசபைக்காரர்கள் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், மனைவியை இழந்த தோல்காரன். "தனியா இருக்கிற பொம்பளைக்குத்தான் வாய் நீளும்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். மனுவை அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

அங்கே லத்தீனில் சொன்னார்கள், இங்கே நம் மொழியில் சொல்கிறார்கள். சொல்வது ஒன்றையேதான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவா நான் மலையையும் நதியையும் தாண்டினேன் என்று நினைக்கும்போது தட்டு, சட்டி எல்லாவற்றையும் போட்டு உடைக்கத் தோன்றுகிறது. இரவல் சட்டிகள். உடைக்கவில்லை.

அவளை அனுப்பு.

யுஸ்தினா

*

லிண்ட்பாக்
1736 ஆகஸ்ட் 24

யுஸ்தினா,

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

சாமியார் பிள்ளைகளுக்கு ஞானஉபதேச வகுப்பு நடத்துகிறார். ஒருநாள் தேன் கேக் கொண்டுவந்திருக்கிறார். "வீட்ல யாராவது பழைய பாட்டு பாடறாங்களா? சொல்ற பிள்ளைக்குப் பெரிய துண்டு" என்றிருக்கிறார். உன் மகள் கையைத் தூக்கியிருக்கிறாள். "எங்க அத்தை பாடுவாங்க, பால் கறக்கறப்ப. எங்கம்மா பாட்டு அது. நான்தான் அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கேக்கில் பாதியை வால்புர்காவுக்கென்று கொண்டுவந்தாள்.

மறுநாள் ஆள் வந்துவிட்டான். என் மனைவியைக் கோயில் வாசலில் வெறுங்காலோடு நிறுத்தினார்கள், ஒரு கையில் மெழுகுவத்தி, ஒரு கையில் பிரம்பு. பூசைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவளைக் கடந்து போகவேண்டும். ஊர்த்தலைவன் என்பதால் நான் முதலில் போகவேண்டும். போனேன். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஊரை ஆளுற தலைவரே, உங்க பொண்டாட்டி கையில மெழுகுவத்தி நல்லா எரிஞ்சுதா? பாத்தீங்களா, இல்ல தரையைத்தான் பாத்தீங்களா?"

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

இதற்கெல்லாம் யார் காரணம்? பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நீ. விவரம் தெரியாத குழந்தையின் வாயில் தடைசெய்த பாட்டை வைத்து இந்த வீட்டுக்குள் அனுப்பியது நீ. நான் எல்லாம் செய்தேன். சொன்னபோது முழங்காலிட்டேன், சொன்னபோது எழுந்தேன், விரதம் இருந்தேன், ஊர்வலத்தில் கொடி பிடித்தேன். நான் ஒழுங்காக இருந்தால் என் வீட்டை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

விடவில்லை. நேற்று உத்தரவு வந்தது. இந்த வீட்டில் பிள்ளை கெட்டுப்போகும், அதனால் நவம்பர் முதல் தேதி வரும் சகல பரிசுத்தர் திருநாளுக்குள் தெற்கே உள்ள மடத்தில் ஒப்படைக்கவேண்டும், ஊர்த்தலைவனே நேரில் கொண்டுவரவேண்டும் என்று. அங்கே போன பிள்ளைகளுக்கு வேறு பெயர் வைக்கிறார்கள். சொந்தக்காரர் பார்க்க அனுமதி இல்லை.

"என் கண்ணு முன்னாடியே இன்னொரு தடவை செய்யப் போறீங்களா?" என்று வால்புர்கா கேட்டாள். பேசாதிருந்தவள் பேசியது அவ்வளவுதான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எழுதவேண்டாம்.

பிளாசியஸ்

*

ஹெர்மான்ஸ்டாட்
1736 அக்டோபர் 17

எழுதத்தான் போகிறேன்.

அண்ணி வெறுங்காலோடு நின்றதைப் படித்தபோது கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன், மிச்சத்தைப் படிக்கவேண்டியிருந்தது. பாட்டுச் சொல்லிக் கொடுத்தது என் குற்றம் என்கிறாய். தொட்டிலில் பாடாமல் எந்தத் தாய் இருப்பாள்? ஒரு தாலாட்டுக்குப் பிரம்பு எடுக்கிறவனைப் பார்த்து உனக்குக் கோபம் வரவில்லை, என்னைப் பார்த்து வருகிறது. ஏனென்றால் நான் தூரத்தில் இருக்கிறேன். என்மேல் கோபப்பட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது.

பிளாசியஸ், அவளை ஒப்படைக்காதே. காய்ச்சல் என்று சொல். பாலம் உடைந்தது என்று சொல். நீ எத்தனையோ பொய்யை முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறாய், இந்த ஒன்றை நின்றுகொண்டு சொல்.

நான் கிளம்பிவிட்டேன். ஹங்கேரிய எருதுகளை மேற்கே ஓட்டிப்போகும் கூட்டத்தில் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. அனுமதிச்சீட்டு கேட்டால் தோல்காரனைக் கட்டிவைப்பார்கள், ஆகவே கேட்கவில்லை. பிறந்த மண்ணில் கால் வைத்தால் எங்களுக்குச் சவுக்கடி, சிறை என்பது உத்தரவு. வைத்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தெரியவில்லை.

யுஸ்தினா

*

ரேகன்ஸ்பர்க்
1736 நவம்பர் 12

யுஸ்தினா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எழுதவேண்டாம் என்று சொன்னவன் நான்தான். ஹெர்மான்ஸ்டாட் முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

கொர்துலா இங்கே என்னோடு இருக்கிறாள். இந்த நகரத்தில் லுத்தரன்கள் பயமில்லாமல் இருக்கிறார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரரின் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அவருக்கு விறகு பிளந்து கொடுக்கிறேன்.

அன்று ஊரார் பார்க்க, உத்தரவை மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தெற்கே கிளம்பினேன். சாமியார் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார். நிஜமாகவே மடத்துக்குத்தான் கிளம்பினேன், யுஸ்தினா. உன்னிடம் வீரம் பேச விரும்பவில்லை. சாலை பிரியும் இடத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அவள் கேட்டாள்:

"மாமா, மடத்துல எந்த ஜெபம் சொல்லணும்?"

"ஏன் கண்ணு?"

"அம்மா ஜெபத்தைச் சொன்னா சாமியார் அடிக்கறாரு. சாமியார் ஜெபத்தைச் சொன்னா அம்மா வரமாட்டா. அடி விழாத ஜெபம் எது மாமா? அதையே சொல்றேன்."

நாற்பத்தாறு வயது, ஊர்த்தலைவன், அப்பா கொட்டகையில் வாசித்ததும் கேட்டவன், சாமியார் பீடத்தில் சொன்னதும் கேட்டவன். எனக்குத் தெரியவில்லை. அப்போது வந்த கோபம் உன்மேல் வரவில்லை. தேன் கேக்கை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆளின் மேல் வந்தது, வியன்னாவில் எழுதுகோல் பிடித்தவன் மேல் வந்தது, கொடியைப் பிடித்து நடந்த என்மேல் வந்தது. எழுந்து வடக்கே திரும்பினேன்.

"மாமா, இது மேல போவுதே. மடம் கீழ இல்ல இருக்கு?" என்றாள். "பேசாம வா" என்றேன். கணவாயில் பனி தொடங்கிவிட்டது. முதுகில் தூக்கிக்கொண்டேன். இறங்கும்போது அவள் கால் மரத்துவிட்டது, தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினேன். ஒரு விரல் மட்டும் கறுத்துவிட்டது. இங்கே வைத்தியர் எடுத்துவிட்டார். இடதுகால் சுண்டுவிரல். நீ என்னைத் திட்டுவதற்கு அது ஒன்று மிச்சம் இருக்கிறது. மற்றபடி நலம்.

நான் கிளம்பியபோது இப்படி ஆகும் என்று வால்புர்காவுக்குத் தெரியாது. வழியில் ஒரு துணி வியாபாரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீடு, மாடு, உன் வயல், என் வயல் எல்லாம் போயிருக்கும். அவளை என்ன செய்தார்களோ. இரவில் இதை நினைத்தால் தூக்கம் இல்லை.

வா. அவள் வளர்ந்துவிட்டாள். சட்டை குட்டையாகிவிட்டது.

பிளாசியஸ்

*

லிண்ட்பாக்
1737 ஏப்ரல் 29

பிளாசியஸ்,

நீ எனக்கு எழுதியிருப்பாய். அது ஹெர்மான்ஸ்டாட்டில் யார் கையிலோ இருக்கும். நான் அங்கே இல்லை, உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பரில் வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தது அண்ணி. என்னைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன். "ஒருத்தர் புள்ளைய தூக்கிட்டு ஓடிட்டாரு, இன்னொருத்தி புள்ளையத் தேடி வர்றா. அண்ணனும் தங்கச்சியும் நல்லாத்தான் இருக்கீங்க. மாட்டுக்குப் புல்லு போடறது மட்டும் நான்" என்றார். பிறகு என்னை உள்ளே இழுத்துக் கதவை அடைத்து, துணி வியாபாரி சொன்னதை என் காதில் சொன்னார். ரேகன்ஸ்பர்க். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் காலைத் தேய்த்துவிட்டவர் அண்ணிதான். நீ முதன்முதலாக ஒரு காரியம் செய்திருக்கிறாய் என்று நான் நினைத்தேன், அதை உன்னிடம் சொல்லக்கூட நேரம் இல்லை. மறுநாளே என்னைப் பிடித்துவிட்டார்கள். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அது யார் என்று தேட எனக்கு விருப்பமில்லை.

கோட்டை அதிகாரி கேட்டான்: "உங்க அண்ணன் எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவர் எனக்கு அண்ணனா இருந்து ரொம்ப நாளாச்சு" என்றேன். அதை அவன் உடனே நம்பினான். நம்பும்படி சொல்ல எனக்குச் சிரமமே இல்லை.

சவுக்கடி விழுந்தது. குளிர்காலம் முழுக்கக் கீழறையில் வைத்திருந்தார்கள். தவக்காலத்தில் சாமியார் வந்தார். சத்தியம் செய்து திரும்பினால் அண்ணி வீட்டில் இருக்கலாம், ஞாயிறுதோறும் பூசைக்கு வந்தால் போதும், இல்லையென்றால் மறுபடி ஹங்கேரிப் படகு என்றார்.

செய்தேன்.

அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் காத்திருந்தார், மாடு கன்று போடுவதற்குக் காத்திருப்பதைப் போல. அந்தப் பொறுமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகிழாதே. "நான் அப்போதே சொன்னேனே" என்று எழுதினால் அந்தக் கடிதத்தைத் தின்றுவிடுவேன். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ருப்ரெக்ட் உயிரோடு இருப்பார் என்று நீ சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும். அப்படியும் உன் பக்கம் நான் வந்துவிடவில்லை. நீ அதைக் கடமை என்றாய். எனக்கு அது பூட்டை உடைக்கிற வேலை. திருட்டுத்தனமாக வெளியே வருவதற்கு ஒரு பூட்டை உடைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன், அது என்னை விடமாட்டேன் என்கிறது. ஈஸ்டர் பூசையில் முழங்காலிட்டபோது பக்கத்தில் பார்த்தேன். நம் கொட்டகைக்கு வந்துபோன முகங்கள். வண்டி ஏறாமல் நின்றுவிட்டார்கள் என்று நான் காறித் துப்பிய முகங்கள். எல்லாருடைய உதடும் அசைந்தது. ஒருவர் கண்ணும் பீடத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு கிழவர் சாமியாரின் லத்தீனுக்கு அடியில், மூக்குக்குள்ளேயே, நம் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளத்தாக்கே வாயை வாடகைக்கு விட்டிருக்கிறது. இத்தனை பேரைப் பொய்யர்களாக்கி வைத்துவிட்டு, மேலே நிற்கிற அந்த மனிதர் அன்று கீழ்ப்படிதலைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். மனம் நிறைந்து செய்தார். என்னைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். அந்தப் புன்னகைக்கு நான் திருப்பிப் புன்னகைத்தேன், பிளாசியஸ். அப்போது என் பல்லெல்லாம் வலித்தது.

அவளிடம் நான் சத்தியம் செய்ததைச் சொல்லாதே. நானே சொல்கிறேன். என்ன செய்யவைத்தார்கள், எப்படிச் செய்யவைத்தார்கள் என்று முழுதாகச் சொல்கிறேன். வெட்கப்படவேண்டியவர்கள் யார் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேரில் வந்து சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது. அண்ணிக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. "மெழுகுவத்தி விஷயத்த நான் மறக்கல, அவருகிட்டச் சொல்லிடு" என்கிறார், மூட்டையைக் கட்டிக்கொண்டே. மாட்டைப் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். பிறகு வாளியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இந்தக் கடிதத்தைத் துணி வியாபாரி வேறு வழியாகக் கொண்டுவருகிறார். எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் நாங்கள் கிளம்பினோம் என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கணவாயில் பனி இளகிவிட்டது என்று மேய்ப்பர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைமணி அடிக்கும்போது ஊரே கோயிலுக்குள் இருக்கும். அந்நேரம் நாங்கள் மேலே ஏறியிருப்போம்.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

யுஸ்தினா